எலியின் ஈரலும் அப்பாவின் காலும்

என் வேலை எலியின் ஈரலை உடைப்பது. இதைவிட மரியாதையாகச் சொல்லவும் வழி இருக்கிறது. நியமனக் கடிதத்தில் அந்த வழியில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கொஸ்லந்தைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்துக் காட்டியும் பயன் இல்லை. "அதெல்லாம் சரிப்பா, எலிய புடிச்சு என்னதான் பண்ணுறீங்க?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் அம்மா தன் பாணியில் ஒரு பதிலைத் தயார்செய்துகொண்டாள். "எம் மகன் டாக்டருங்களுக்கெல்லாம் முந்தி மருந்தப் பாக்குறவன்." அதில் பொய் ஒன்றும் இல்லை. மருந்தை நான் முந்திப் பார்க்கத்தான் செய்கிறேன். பார்த்து என்ன கிழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதுளை டவுனுக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். ஒரு நாள் பட்டினி போட்ட எலியின் ஈரலை எடுத்து, ஐஸில் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் கழுவி, துண்டாக்கி, தடித்த கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, அதற்கென்றே செய்த சின்ன உலக்கையால் இடிப்பேன். அம்மா தேங்காயும் மிளகாயும் போட்டுச் சம்பல் இடிப்பதைப் போலத்தான். காரம் மட்டும் இல்லை. பிறகு அதைச் சுழற்றும் மெஷினில் வைத்தால் கனமான குப்பை அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலைத்தான் எடுக்க வேண்டும். வசதியான இடங்களில் அதை இன்னும் பல மடங்கு வேகமான பெரிய மெஷினில் சுற்றுவார்கள். எங்களிடம் அது இல்லை. அதனால் கொஞ்சம் கால்சியம் உப்பைப் போட்டு, மிதக்கிற துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இருக்கிற மெஷினிலேயே படியவைக்கிறோம். இல்லாதவர்களுக்காக எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்த வழி. கடைசியில் குழாயின் அடியில் செம்பழுப்பாக, பயறு அளவுக்கு ஒரு படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் மைக்ரோசோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உயிரோடு இருக்கும் ஈரலில் மைக்ரோசோம் என்று ஒன்று கிடையவே கிடையாது. உயிரணுவுக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு சவ்வு இருக்கிறது. நான் இடிக்கிற இடியில் அது கிழிகிறது. கிழிந்த துண்டுகள் சுருண்டுகொண்டு குட்டிக் குட்டி உருண்டைகளாகிவிடுகின்றன. அந்த உருண்டைக்குத்தான் அந்தப் பெரிய பெயர். ஆக, நான் உடைப்பதால் மட்டுமே உண்டாகும் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பன்னிரண்டு வருடமாக நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த உத்தியோகத்துக்கு ஓய்வூதியமும் உண்டு என்றால் நாட்டைப் பற்றி நல்லதாகவே நினைக்கத் தோன்றுகிறது.

ஆனாலும் அந்தத் துண்டுகளை நான் குறைசொல்லமாட்டேன். கிழிந்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. நாம் விழுங்குகிற மாத்திரைகளை உருமாற்றி வெளியே தள்ளுகிற நொதிகள் அந்தச் சவ்வில்தான் உட்கார்ந்திருக்கின்றன. உடம்பு தானாகவே கொழுப்புத் தயாரிக்கிற நொதியும் அதே சவ்வில்தான்; இதை ஒரு தடவை அப்பாவிடம் சொன்னதிலிருந்து, நான் கொழுப்பை ஆராய்கிறேன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் கொழுந்தை அரைக்கிற மெஷின் ஓடுகிறது. இன்னொரு மூலையில் ஒருவர் விளக்குமாற்றோடு குப்பையைக் கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறார். கூரை ஒன்றுதான்.

அந்த விளக்குமாற்றுக்காரரின், அதாவது மாத்திரையை வெளியே தள்ளுகிற நொதியின், கையைப் பழச்சாறு கட்டிப்போடுமா என்று பார்ப்பதுதான் அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த வேலை. பழம், ஜம்போலா. குழந்தையின் தலை அளவுக்குப் பச்சையாக, தடித்த தோலோடு, பதுளைச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே, அதேதான். ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் ஊவா மாகாணத்தின் நாலா பக்கத்திலிருந்தும் அதை மூட்டைகளில் வரவழைத்தார். ஒரு பழத்திலிருந்து எங்களுக்கு வேண்டியது சில துளிகள். மைக்ரோசோமோடு ஓர் அன்டிபயோட்டிக் மருந்தைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் வைப்போம். நொதி ஒழுங்காக வேலை செய்தால், கடைசியில் ஊற்றுகிற ரசாயனத்தில் குழாய் மஞ்சளாகும். சாற்றைச் சேர்த்த குழாயில் மஞ்சள் வெளிறிப்போனது. சாறு கூடக் கூட இன்னும் வெளிறியது. வரிசையாக அடுக்கிவைத்தால் அவ்வளவு அழகு! வெளிச்சத்தில் பிடித்து நானே ரசித்திருக்கிறேன். போனில் படம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

மிச்சப் பழம்தான் பிரச்சினை. முதல் வாரம் ஆய்வுகூடத்தில் எல்லோரும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிட்டோம். இரண்டாம் வாரம் காவல்காரர் எங்களைக் கண்டால் வேறு பக்கமாகப் போனார். மூன்றாம் வாரம் குப்பையில் போடச் சொன்னார்கள். லயத்தில் பிறந்தவன் கை, நல்ல பழத்தைக் குப்பையில் போடுமா? சனிக்கிழமைதோறும் ஒரு பையில் கட்டி, கொஸ்லந்தைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

"என்ன அண்ணே, இந்த வாரம் எத்தன தல?" என்று கண்டக்டர் கேட்பான்.

"அஞ்சு. பாத்து வைப்பா, உருண்டுரும்."

"போன வாரம் ஒண்ணு உருண்டு ஒரு பொம்பள காலுல விழுந்துச்சு. ஒங்க பேரச் சொல்லித்தான் திட்டுனாங்க."

என் பெயர் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நான்தான் சொன்னேன்" என்றான்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். டீமேக்கர் தேயிலையை ருசி பார்ப்பதற்காகக் கோப்பைகளில் சாயம் இறக்கி, அவர்கள் பேச்சில் 'லிக்கர்' இறக்கி, வரிசையாக வைப்பது அவர் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பசுமாட்டை வாங்கினார். லயத்துக்குக் கீழே பள்ளத்தில் இறங்கி, புல் அறுத்து, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வருவதுதான் அவருடைய தினசரிப் பெரட்டு. யாரும் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்காவிட்டாலும், காலை ஆறு மணிக்குத் தானே போய் ஆஜராகிவிடுவார். மாட்டோடு அவர் பேசுகிற அளவுக்கு எங்களோடு பேசியதில்லை. மாடு எதிர்த்துப் பேசாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜம்போலாப் பை போகத் தொடங்கி ஐந்தாறு வாரம் இருக்கும். போனில் அப்பா சொன்னார்:

"தம்பி, காலு கொஞ்சம் கடுக்குதுடா."

"எங்கப்பா?"

"தொடையில. புல்லுக்கட்டோட ஏறுறப்ப யாரோ பின்னாலேர்ந்து வேட்டியப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு."

"வயசாச்சில்லப்பா."

"வயசு போன மாசமும் இருந்துச்சே."

இந்தக் கேள்வியில் ஓர் ஆராய்ச்சியாளனுக்கு இருக்க வேண்டிய புத்தி முழுக்க இருந்தது. அது அப்பாவிடம் இருந்தது என்பதுதான் கோளாறு. நான் பெரிய மனுசன் குரலில், "பழம் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

"தெனமும்டா."

"நல்லா சாப்பிடுங்க. ஒடம்புக்குத் தெம்பு. இந்த வாரம் கூட ரெண்டு அனுப்புறேன்."

அனுப்பினேன். ஐந்து, ஏழாகியது. கண்டக்டர்கூட, "ஊர்ல ஏதும் விசேசமா அண்ணே?" என்று கேட்டான்.

பத்து நாள் கழித்து அம்மா பேசினாள். அம்மாவின் போன் பேச்சுக்கு முன்னுரை கிடையாது.

"மாட்ட விக்கப் போறாராம்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? ஏற முடியல. பள்ளத்துல எறங்குனா பாதி வழியில உக்காந்துக்குறாரு. மேல மாடு பசியில கத்துது, கீழ இவரு அதுக்குப் பதில் கத்துறாரு. ஞாயித்துக்கெழம ஆளு வந்து மாட்டப் பாக்குறான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. ஒஞ் சொல்லு கேப்பாரு."

என் சொல்லைக் கேட்டதால்தான் வீடு இந்த நிலைமையில் இருந்தது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி மத்தியானத்துக்கு முன்னே போய்ச் சேர்ந்தேன். கையில் ஜம்போலாப் பை. அப்பா லயத்துக்கு ஏறுகிற படிகளின் நடுவில், ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்னப்பா இங்க நிக்கிறீங்க?"

"பனி பாக்குறேன்."

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கையைக் கொடுத்தேன். சாதாரணமாக அவர் கையைத் தட்டிவிடுவார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டார். மிச்சப் படிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம். மாட்டுக்கொட்டிலில் இருந்து பசு இரண்டு பேரையும் பார்த்தது. எங்களைப் பற்றி அதற்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்தது. அம்மா ஒரு பெரிய கோப்பை நிறையப் பிழிந்த ஜம்போலாச் சாற்றைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா, மாதாமாதம் கிளினிக்கில் கொடுக்கிற மருந்துப் பையைத் திறந்தார். கொழுப்புக்குக் கொடுக்கிற மாத்திரையை எடுத்தார். வாயில் போட்டார். சாற்றைக் கடகடவென்று குடித்தார். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி, "பாத்தியா, ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல" என்றார்.

நான் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை அப்படியே வைத்தேன். வெளிறிய மஞ்சள் குழாய்கள் வரிசையாகக் கண்முன்னால் வந்தன. எங்கள் குழாயில் இருந்தது அன்டிபயோட்டிக். அப்பாவின் பையில் இருந்தது கொழுப்பு மாத்திரை. பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் அந்த ரகக் கொழுப்பு மாத்திரையையும் கூட்டித் தள்ளுகிறவர் அதே விளக்குமாற்றுக்காரர்தான். பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த விஷயம்.

"அப்பா, மாத்திரய ராத்திரிக்குத்தானே குடுத்தாங்க?"

"ஆமா. ராத்திரியில ஜம்போலா குடிச்சா சளி புடிக்கும்னு ஒங்கம்மா சொன்னா. அதான் மாத்திரய பகலுக்கு மாத்திட்டேன்."

"ரெண்டையும் எதுக்குச் சேத்துக் குடிக்கிறீங்க?"

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ கொழுப்ப ஆராயிற எடத்துலேர்ந்து அனுப்புற பழம். இது கொழுப்பு மாத்திர. ரெண்டும் ஒரே டிப்பார்ட்மெண்ட்டு ஆளுங்க. உள்ள போயி அவங்களுக்குள்ள பேசிக்கட்டும்னு சேத்தே அனுப்பிவிடுறேன்."

அவை பேசிக்கொள்ளத்தான் செய்தன. அதுதான் சங்கடம். சாறு போய் விளக்குமாற்றுக்காரரின் கையைக் கட்டிவிடுகிறது. மாத்திரை வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. அளவு மீறினால் அது தசையில் கை வைக்கும். தசை உடைந்து, உடைந்த சரக்கு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். இதைக் கேள்வித்தாளில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்; படமும் வரைந்திருப்பேன்.

"அப்பா, ஒண்ணுக்குப் போறது என்ன நெறம்?"

"சீ, சாப்பிட்ட எடத்துல கேக்குற கேள்வியாடா இது?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. சாயத்தைப் பற்றி அவரிடம் யாரும் கருத்துக் கேட்டு நாளாகிவிட்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு, டீமேக்கர் மாதிரியே யோசித்தார். "மூணு நாளா லிக்கர் கடும்டா. மொதத் தண்ணி மாதிரி. செவப்பு கொஞ்சம் தூக்கல். இன்னைக்குக் காலையில பாலு ஊத்துனாக்கூடத் தாங்கும் போல இருந்துச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து போய் ஆட்டோவுக்குப் போன் பண்ணினேன். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"எங்கடா போறோம்?"

"பதுளைக்கு. ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்கு மாட்டப் பாக்க ஆளு வர்றான்."

"அப்பா, கெளம்புங்க."

நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா, வழியில் குடிக்கட்டும் என்று ஒரு போத்தல் நிறையச் சாறு பிழிந்து எடுத்துவந்தாள். அதை நான் வாங்கிச் சாக்கடையில் ஊற்றியபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் எழுதமுடியாது.

இரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்த டாக்டர் இளவயதுக்காரர். சிங்களத்தில் கேட்டார். அப்பா என்னைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். தசை உடைந்தால் இரத்தத்தில் ஏறுகிற ஒரு நொதி வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. புதிதாக ஏதும் மருந்து சேர்த்தீர்களா, நாட்டு மருந்தா, விழுந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மகன் அனுப்புகிற பழம் மருந்துக் கணக்கில் வராது என்பது அவர் முடிவு.

நான்தான் வாயைத் திறந்தேன். பழம், அளவு, எத்தனை வாரம், எந்த நொதி, எல்லாம் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன். நியமனக் கடிதத்தில் இருக்கிற மாதிரியே சொன்னேன்.

"அப்ப இது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"தெரியும் சார். குழாயில தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. இந்த மாத்திரையையும் பழத்தையும் இந்த நிமிடமே நிறுத்த வேண்டும், சேலைன் ஏற்ற வேண்டும், சிறுநீரகம் தாங்குகிறதா என்று இரண்டு மூன்று நாளில் தெரியும், தாங்கவில்லை என்றால் வேறு ஏற்பாடு என்றார். வேறு ஏற்பாடு என்ன என்று நான் கேட்கவில்லை. டயாலிசிஸ் மெஷின் என்று எனக்குத் தெரியும். இந்தத் தெரிந்துவைத்திருக்கிற பழக்கம் அந்த இரண்டு நாள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

வார்டில் அப்பா உற்சாகமாகவே இருந்தார். பக்கத்துக் கட்டிலில் வெலிமடைப் பக்கத்துக் கிழங்குத் தோட்டக்காரர் ஒருவர். நான் தேநீர் வாங்கிக்கொண்டு வரும்போது அப்பாவின் குரல் கேட்டது.

"எனக்கு வியாதியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எம் மகன்தான் செஞ்சான்."

"மகனா? எதுக்குங்க?"

"படிச்ச பய. குழாயில செஞ்சு பாத்தது சரியா வந்துச்சா இல்லையான்னு எங்கிட்டயும் செஞ்சு பாத்திருக்கான்."

"சரியா வந்துச்சுங்களா?"

"அச்சு அசலா வந்துச்சு!"

அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் பரீட்சையில் பாஸானபோதுகூட அவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

சாயங்காலம் சேலைன் சொட்டுவதைப் பார்த்தபடி கேட்டார்: "ஏண்டா, அந்த எலிக்குக் காலு வலிச்சிச்சா?"

"எலிய முன்னாடியே கொன்னுருவோம்பா. ஈரல மட்டும்தான் எடுக்குறது."

"ஈரல?"

"அதையும் இடிச்சுருவோம்."

"இடிச்சு?"

"அதுல வர்ற துண்டத்தான் குழாயில போட்டுப் பாப்போம்."

"அப்ப வலிக்குதுன்னு சொல்ல அங்க ஆளே இல்ல."

ஆமாம். என் ஆராய்ச்சி பன்னிரண்டு வருடமாகச் சிக்கல் இல்லாமல் நடந்ததற்குக் காரணம் அதுதான். குழாய்க்குத் தொடை இல்லை. அது பள்ளத்தில் இறங்கிப் புல் அறுப்பதில்லை. போனில் கூப்பிட்டு, "வயசு போன மாசமும் இருந்துச்சே" என்று கேட்பதும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அப்பா கழிப்பறையிலிருந்து வந்து, "லிக்கர் எறங்கிருச்சு. மூணாந் தண்ணி" என்று அறிவித்தார். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து அதையே இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொன்னார். சிறுநீரகம் தப்பித்தது. காலில் பலம் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், திரும்பும்வரை ஏற்றம் இறக்கம் கூடாது என்றார். முழுசாகத் திரும்புமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கியது. கால் திரும்பாவிட்டால் மாடு போகும். மாடு போனால் காலையில் எழுந்து எங்கே போவார்?

மாடு பார்க்க வந்த ஆளை அம்மாவே சமாளித்திருந்தாள். "மனுசன் ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. மாட்ட வித்துட்டா வந்து என்னைய வளப்பாரா? ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றாளாம். அந்த ஒரு மாதம் வார நாட்களில் அம்மாவும், சனி ஞாயிறில் நானும் புல் அறுத்தோம். நான் அறுத்த புல்லைப் பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. "அதுக்கும் தெரிஞ்சிருச்சு" என்றாள் அம்மா.

இதற்கிடையில் இன்னொன்று தெரியவந்தது. நான் அனுப்பிய பழத்தை அப்பா தனியாகச் சாப்பிடுகிறவர் அல்ல. லயம் முழுக்கக் கொடுத்திருக்கிறார். நான் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் கிளினிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார்கள். அம்மா இத்தனை வருடம் சொல்லிவந்தது ஒரு நாளைக்கு உண்மையானது. நான் டாக்டருக்கு முந்தி மருந்தைப் பார்த்தேன். சிலருடைய பிரஷர் மாத்திரைக்கும் ஜம்போலா ஆகாது. "பழத்த நிப்பாட்டுங்க" என்றேன். ஓர் அக்கா, "பழம் நல்லாத்தானே இருக்கு, மாத்திரய நிப்பாட்டிட்டா என்ன தம்பி?" என்றாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக்கூடாது, கிளினிக்கில் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. தொண்டைக்கு நல்லது என்று கடைசி வீட்டில் ஜம்போலா உரித்துக் கொடுத்தார்கள்.

ஆய்வுகூடத்தில் மேடத்திடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முழுவதையும் அமைதியாகக் கேட்டார்.

"எலி ஒன்றைத் தொடுவதற்கு அனுமதி கேட்டு எத்தனை பக்கம் படிவம் நிரப்பினோம், ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கு மேடம்."

"அப்பாவுக்கு?"

"பஸ் கண்டக்டருகிட்ட குடுத்து அனுப்பினேன் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த நாளிலிருந்து மிச்சப் பழத்தை உரக்குழியில் போட்டார்கள். நானே சுமந்துபோய்ப் போட்டேன். கை அதற்கும் பழகிக்கொண்டது.

மாதம் முடிகிற நேரத்தில் அப்பா படிகளில் ஏறத் தொடங்கினார். முதலில் பாதி, பிறகு முக்கால். கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்து, தசை ஆறிவிட்டது, ஆனால் கொழுப்பு பழைய இடத்துக்கே ஏறிவிட்டது, மாத்திரை இல்லாமல் விடமுடியாது என்றார்கள். அந்த விளக்குமாற்றுக்காரரை அவ்வளவாக நம்பியிராத வேறு ரக மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். அப்பா அதைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் சாப்பிடவில்லை. அம்மா எனக்குப் போன் பண்ணினாள். சனிக்கிழமை வெறுங்கையோடு போனேன். பஸ்ஸில் கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கதை அவனுக்கும் எட்டியிருந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத ஒன் எலிக்குக் குடுத்துப் பாத்தியா?"

"இல்லப்பா."

"குழாயில?"

"இல்ல."

"ஒன் மேடம்?"

"அவங்களும் இல்லப்பா. எங்க லேபுக்கும் இந்த மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நம்பலாம்" என்றார்.

கோப்பையில் இருப்பது வெறும் தண்ணீர்தானா என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு, மாத்திரையை விழுங்கினார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். மெதுவாகத்தான், ஆனால் எதையும் பிடிக்காமல். பாதி வழியில் நின்று, புல்லுக்கட்டைத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். நான் சட்டென்று எழுந்தேன்.

"நீ இல்ல" என்றார். "ஒங்கம்மாவ வரச் சொல்லு."